என் கிழிந்த டவுசரில் சித்தேரி லேபிள்

1

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் டவுசர் கிழிந்ததில் பிறந்தது. 1986, பொம்மிடியில் கபடிப் போட்டி. கிழிந்தது பெரிய கம்பெனி டவுசர். துண்டைக் கட்டிக்கொண்டு நான் நெளிந்தபோது, மைதான ஓரத்தில் கைத் தையல் மிஷினோடு உட்கார்ந்திருந்த ஒரு அக்கா சும்மாவே ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒட்டின்மேல் சிவப்பு லேபிள்: ‘சித்தேரி ஸ்போர்ட்ஸ்’. அடப்பாவிகளா!

எனக்குத் தெரிந்த உண்மை இவ்வளவுதான். மீதி கற்பனை.

2

முதல் தொடக்கம்: ‘ஊன்றி நிற்கும் கம்பெனிகளோடு மோதும் புதிய விளையாட்டுத் துணிக் கம்பெனி விரைவாக வளர...’ சீ, யார் படிப்பார்கள்?

இரண்டாவது: பாப்பிரெட்டிப்பட்டியில் அருள்நாதனும் மனைவி ராஜமேரியும் ‘சித்தேரி ஸ்போர்ட்ஸ்’ என்ற பேரில் விளையாட்டு டவுசர் தைத்தார்கள். “பேரு தெரியாத சரக்கு” என்று எந்தக் கடையும் வாங்கவில்லை. கோடைக்குள் ஒரு கடையாவது எடுக்காவிட்டால், பிழைப்புக்காக அவள் மட்டும் பெங்களூர் தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போக வேண்டும். கலியாணமாகி எட்டு மாதம். (மூன்று வருடம் என்றுதான் எழுதியிருந்தேன். எட்டு மாதம் என்றால் அதிகம் வலிக்கும் என்று குறைத்தேன். எழுத்தாளன் புத்தி!)

3

“கிழிஞ்ச டவுசரையெல்லாம் சும்மா தெச்சுக் குடுப்போம். ஒட்டு மேல நம்ம லேபிளு,” என்றான் அருள்நாதன்.

“ஊரான் டவுசர்ல நம்ம பேருங்களா?”

“ஒட்டு நம்மளுதுதான?”

“ஒட்டு நம்மளுது. டவுசரு?”

அவன் மழுப்பினான். அவள் தைத்தாள்.

[இங்கே ராஜமேரியை நான் நம்பவில்லை. இவ்வளவு நேர்மைக்காரி ஏன் சம்மதித்தாள்? பிறகு புரிந்தது. அவனை விட்டுப் போக அவளுக்கு மனசில்லை.]

அவள் போட்ட ஒட்டு மறுபடி கிழியவே இல்லை. மூன்றே மாதம். அரூர், தீர்த்தமலை, பொம்மிடி, எந்த மைதானத்தில் எவன் குப்புற விழுந்தாலும் பின்னால் சிவப்பு லேபிள் தெரிந்தது. “சித்தேரி டவுசரு கிழியாதாமே!” என்று பேச்சாகிவிட்டது.

4

சேலத்துக் கடைக்காரர் ஒருவர் தேடி வந்தார். “ஆறு டீமு உங்க டவுசரத்தான் போட்டிருக்குது. எனக்கு இருநூறு வேணும். அதெல்லாம் நீங்க தெச்சதுதானங்க?”

முடிவு அ: “ஆமாங்க” என்கிறான். ஆர்டர் கிடைக்கிறது. அன்றிலிருந்து ராஜமேரி அவனை நேராகப் பார்க்காமல்... (வேண்டாம், விட்டுவிட்டேன்.)

முடிவு ஆ: அவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். (இதையும் அடித்தேன். திட்டம் போட்டவன் இருக்க, அவளா சொல்ல வேண்டும்?)

மூன்றாவது என்னைக் கேட்காமலே நடந்தது. அருள்நாதன் முந்திக்கொண்டான். “இல்லீங்க. டவுசரு வேற கம்பெனிது. ஒட்டு மட்டும் எங்க வூட்டுக்காரி போட்டது. யோசன என்னுது. அவளுக்கு அப்பவே புடிக்கல.”

ராஜமேரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “போங்க, பைத்தியம்,” என்றவள், வந்தவர் முன்னாலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த இரண்டு பேர்மேலும் எனக்கு அப்படி ஒரு பாசம்.

5

கடைக்காரர் என்ன சொன்னார்? எழுதி எழுதிப் பார்த்தேன். என் கையில் ஒவ்வொரு தடவையும் அவர் நல்லவராகிவிடுகிறார், எனக்கே நம்பிக்கை வரவில்லை. அதனால்தான் அவருக்குப் பேர்கூட வைக்கவில்லை.

அவர் இடத்தில் நீங்கள் வந்து நில்லுங்கள். உங்களிடம் ஒரு ‘ஆமாங்க’ சொல்லியிருந்தால் அவள் ஊரைவிட்டுப் போகவேண்டியிருக்காது. அவன் சொல்லவில்லை. இரண்டு பேரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். டவுசர் வேண்டுமா, வேண்டாமா?