யாராவது கத்துகிறார்களா

ஜாஹ்னவி வேலை செய்கிற கம்பெனியில் எதையாவது இழுத்து மூட வேண்டுமென்றால் அதற்கு ஒரு முறை உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடுவார்கள். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாராவது 'ஐயோ, என்ன ஆச்சு' என்று கத்தினால் திரும்ப ஓடவிடுவார்கள். ஒருவரும் கத்தவில்லையா, அது யாருக்கும் வேண்டாத பொருள், நிம்மதியாக அழித்துவிடலாம். உலகம் பூராவும் கோடிக்கணக்கானவர்களின் கைபேசிக்குள் குடியிருக்கும் ஒரு கம்பெனி, மெத்தப் படித்த மூளைகளைக் கொண்டு கண்டுபிடித்த வழி இது. வீட்டில் காலைக் காப்பியை இப்படி நிறுத்திப் பார்த்தால் தெரியும் சேதி.

இந்த முறை நிறுத்தப்பட்டது ஜாஹ்னவி செய்த பொருள். நிறுத்தியதும் ஜாஹ்னவிதான். கம்பெனியின் வரைபடச் செயலிக்குள் அவள் ஒரு குரலை வைத்திருந்தாள். டவுன் பஸ்ஸில் போகும்போது அடுத்த நிறுத்தம் எது என்று தமிழில் சொல்லும் குரல். கண் தெரியாதவர்களுக்கும் எழுத்துத் தெரியாதவர்களுக்கும் என்று சொல்லி, ஸ்ரீரங்கத்து வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, வருஷக் கணக்கில் அதைச் செய்தாள். இப்போது, உபயோகிப்பவர்கள் போதவில்லை என்று மேலே யாரோ ஒரு புள்ளிவிவரத்தைப் பார்த்து முடிவு செய்துவிட்டார்கள். மாதக் கடைசி வரை புகார் வராவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு வேலைக்குப் போக வேண்டியதுதான்.

சம்பளம் குறையாது. வேலையும் போகாது. இருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தான் செய்தது யாருக்காவது தேவைப்பட்டதா இல்லையா என்பது இப்படியா தெரிய வேண்டும்? காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் புகார்ப் பெட்டியைத் திறந்து பார்ப்பாள். காலியாக இருக்கும்.

"என்ன, இன்னிக்காவது யாராவது கத்தினாளா?" என்று கேட்பான் கோவர்தன். அவள் கணவன், பேங்க்கில் வேலை. வேடிக்கையாகத்தான் கேட்பான்.

"ஒருத்தரும் கத்தலை."

"வேணும்னா நான் கத்தட்டுமா?"

"சும்மா இருங்கோ. நம்மாத்து மனுஷா கத்தினா கணக்கில்லை."

அது உண்மையும்கூட. செய்தவர்களோ, அவர்களுடைய சொந்தக்காரர்களோ புகார் எழுதக் கூடாது. அவ்வளவு சுத்தமான கம்பெனி.

அன்றைக்குப் பல் டாக்டரைப் பார்க்க ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கிளம்பினாள். அந்த வாரம் அவளுக்கு அவசர முறை. எங்கே எது கெட்டாலும் உடனே சரிசெய்ய வேண்டிய முறை என்பதால் லேப்டாப் பையும் மடியில் கிடந்தது. பக்கத்து இருக்கையில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, காட்டன் புடவை, மடித்த வெள்ளைக் கோல். போனைக் காதில் வைத்துக் கேட்டார். உதறினார். மறுபடி வைத்தார்.

"சனியனே," என்றார் போனிடம். பிறகு ஜாஹ்னவி பக்கம் திரும்பி, "பாலக்கரை வந்தா சொல்றீங்களா? கண்டக்டர்கிட்ட சொன்னா கூட்டத்துல மறந்துடுறாரு. நேத்து ஜங்ஷன் வரைக்கும் போயிட்டு நடந்து வந்தேன்," என்றார்.

"நானும் பாலக்கரைதாங்க," என்ற ஜாஹ்னவியின் கண் அந்தப் போன் திரையில் நின்றது. அவள் செய்த குரல் இருக்க வேண்டிய பக்கம்தான் அது.

அந்த அம்மாவின் பெயர் சந்திரம்மாள். பாலக்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். கேட்காமலே எல்லாம் சொன்னார். "முன்னெல்லாம் அடுத்த ஸ்டாப் என்னன்னு இதுவே சொல்லும். திடீர்னு நின்னுபோச்சு. கடையில காட்டினேன். 'போன் பழசு, இனிமே இதுல அதெல்லாம் ஓடாது, புதுசு வாங்குங்க'ன்னான். நம்ம போன் கெட்டதுக்கு யாரை நோவுறது?"

இத்தனை நாளாக யாராவது கத்த மாட்டார்களா என்று ஜாஹ்னவி தவம் கிடந்தாள். இந்த அம்மாளோ தன் போன்தான் கெட்டது என்று தன்னையே நொந்துகொண்டு, ஜங்ஷனிலிருந்து வெயிலில் நடந்து வந்திருக்கிறார்.

"ஒரு புகார் குடுத்திருக்கலாமேங்க? போன்லயே அதுக்கு இடம் இருக்கே."

"நான் நாள் பூரா அடுத்தவங்க கத்துறதைக் கேக்குறவ. எனக்குக் கத்தத் தெரியாதா? உள்ளே போனா, 'பட்டன், பட்டன், பட்டன்'னுதான் சொல்லுது. எது என்ன பட்டன்னு சொன்னாத்தானே அமுக்க முடியும்?"

ஜாஹ்னவி தன் போனை எடுத்து, திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் வசதியைப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு புகார்ப் பக்கத்துக்குப் போனாள். பட்டன். பட்டன். பட்டன். கம்பெனியின் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான பக்கம் அது. அழகழகான படங்கள் வரைந்து வைத்தவர்கள், எந்தப் படத்துக்கும் பெயர் வைக்க மறந்துவிட்டார்கள். கண் தெரியாதவர்களுக்காக ஒரு பொருளைச் செய்துவிட்டு, அவர்கள் கத்தினால் கேட்கிற கதவை மட்டும் அடைத்து வைத்திருக்கிறது அவளுடைய கூட்டம். அவளும் இதற்கு முன் ஒரு நாளாவது கண்ணை மூடிப் பார்த்தவள் இல்லை. வெட்கமாக இருந்தது.

பாலக்கரையில் இருவரும் இறங்கினார்கள். பஸ் சத்தம் ஓய்ந்ததும் சொன்னாள்.

"உங்க போன் கெடலைங்க. அந்தக் குரலை நிறுத்தினதே நான்தான்."

சந்திரம்மாள் கோலை விரித்தபடி நின்றார். "நீங்களா? எதுக்கு?"

"யாராவது கத்துறாங்களான்னு பாக்க."

"நல்லா இருக்குங்க உங்க படிப்பு!" நன்றாகவே கத்தினார். பழக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "டூட்டிக்கு லேட்டாப் போயி சூபர்வைசர்கிட்ட தினம் திட்டு வாங்குறேன். கேட்டிருந்தா வாயால சொல்லியிருப்பேன்ல!"

ஜாஹ்னவி பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். லேப்டாப்பைத் திறந்தாள். நிஜமாக ஒருவர் பாதிக்கப்பட்டது தெரிந்தால், அவசர முறையில் இருப்பவர் முதலில் ஓடவிட்டுவிட்டு அப்புறம் காரணம் சொல்லலாம் என்று ஒரு விதி உண்டு. ஓடவிட்டாள். பெங்களூரிலிருந்து மேனேஜர் பீமராவின் போன் உடனே வந்தது.

"எதுக்கும்மா ஆன் பண்ணினீங்க? ஒரே ஒருத்தருக்காகவா?"

"நமக்குக் கேட்டது ஒருத்தர் சார். கேக்காதவங்க எத்தனை பேர்னு நமக்கே தெரியாது. புகார்ப் பக்கமே அவங்களுக்குத் திறக்கலை. நாம வெச்ச பரீட்சையே தப்பு."

பீமராவ் பெருமூச்சு விட்டார். "மீட்டிங்ல சொல்லிப் பாருங்க. நிப்பாட்டணும்னு முடிவு பண்ணினா நிப்பாட்டித்தான் ஆகணும்."

"சொல்றேன் சார்." போனை வைத்தாள். இப்போது அவளுக்குப் பயம் இல்லை, கோபம்தான் இருந்தது.

சந்திரம்மாளின் போன் உயிர் பெற்று, 'பாலக்கரை' என்றது. அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அடுத்த கணமே சுளித்தது.

"வந்துடுச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அம்மா மண்டபத்தைப் பஸ் தாண்டினப்புறம்தான் 'அம்மா மண்டபம்'னு சொல்லுது. மழை பேஞ்சா வாயே தொறக்காது. அப்புறம் அந்தக் குரல், தூங்கி எழுந்த மாதிரி..."

இத்தனை வருஷத்தில் ஜாஹ்னவிக்கு எத்தனையோ புள்ளிவிவரங்கள் வந்திருக்கின்றன. ஒரு மனுஷரின் வாய் வார்த்தை வந்ததில்லை. கண் கலங்கிவிட்டது. பல் டாக்டர் நாளைக்கும் இருப்பார்.

"டூட்டிக்கு நான் கூட வந்து உங்க சூபர்வைசர்கிட்ட சொல்றேங்க," என்று எழுந்து, சந்திரம்மாளின் கையைத் தன் முழங்கையில் வைத்துக்கொண்டாள். "போயிட்டே பேசலாம். வேற என்னென்ன சரியில்லை, ஒண்ணு விடாம சொல்லுங்க."