எடைக்கல்லின் எடை

“ஹச்சூ!”

ஒரே ஒரு தும்மல்தான். ஆனால் குளிர்பெட்டியின் மேல்தட்டிலிருந்து டப்பாவை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் வந்துவிட்டது. டப்பா தரையில் விழுந்து, சுண்டுவிரல் அளவுக் குப்பிகள் நாலாபக்கமும் ஓடின. ஒன்று மட்டும் மூடி கழன்று, மேஜைக்கடியில் போய் ஈரமாகப் படுத்துக்கொண்டது.

“ஐயோ, வேணும்னு பண்ணலடி!”

“வேணும்னு யாராவது தும்முவாங்களா? காலை நகர்த்துங்க, மிதிச்சிடப் போறீங்க.”

தும்மியவள் அந்த ஆய்வுக்கூடத்தின் மூத்த டெக்னீஷியன். எந்த மருந்தைத் திறந்தாலும் அவளுக்கு மூக்கு அரிக்கும். கட்டடம் முழுக்கத் தும்மலக்கா என்றுதான் பெயர். மண்டியிட்டுக் குப்பிகளைப் பொறுக்கியவள் ஆராய்ச்சியாளர். அவளுக்குப் பட்டப்பெயர் கிடையாது. பட்டப்பெயர் வைக்கிற அளவுக்கு அங்கே யாரும் அவளோடு பழகியதில்லை.

கவிழ்ந்த குப்பியின் லேபிளைப் படித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எதுடி அது?”

“எடைக்கல்.”

“போச்சு! புதுசு வர ஒரு வாரம் ஆகுமே. நீ வெள்ளிக்கிழமைக்குள்ள படம் அனுப்பணும்ல?”

“அனுப்பலேன்னா கட்டுரை போச்சு. கட்டுரை போச்சுன்னா ஊர்ல காலேஜ் வேலை போச்சு.”

“அது போச்சுன்னா?”

“வீடு போச்சு” என்று சொல்லிச் சிரித்தாள். தும்மலக்கா சிரிக்கவில்லை.

அவள் வீடு ரயிலில் ஒரு முழுநாள் தூரம். அங்கே கணவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். இரண்டு வருடத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். பிறகு இன்னும் ஒரு வருடம் என்றாள். அதன் பிறகும் இன்னும் ஒரே ஒரு வருடம். இப்போது உள்ளூர்க் கல்லூரி ஒன்று, கட்டுரை அச்சில் வந்ததும் விரிவுரையாளர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. பத்திரிகையும் கட்டுரையை ஏறக்குறைய ஏற்றுக்கொண்டுவிட்டது. கடைசியாக ஒரு தெளிவான படம் மட்டும் கேட்டிருந்தது.

அவள் ஆராய்ந்தது பெருங்குடல் புற்றுநோய். எதிரேயிருந்த மருத்துவமனை, அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளில் சிறு துண்டுகளை அனுப்பும். முதல் கட்ட நோயிலிருந்து நாலாம் கட்டம் வரை. அவற்றின் செல்களுக்குள் சர்க்கரையை ஒழுங்காக எரிக்கும் ஒரு நொதி, அதாவது என்சைம், உண்டு. நோய் முற்ற முற்ற அந்த நொதி குறைகிறது, குறையக் குறையப் புற்று ஈரலுக்குத் தாவுகிறது என்பதுதான் அவள் கட்டுரை.

இதை அளக்க ஒவ்வொரு கட்டியையும் அரைத்துச் சாறெடுத்து, ஜெல்லில் வரிசையாக ஓடவிட்டு, அந்த நொதியை மட்டும் போய்ப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடித் துளிகளை விட்டுப் படமெடுக்க வேண்டும். நொதி நிறைய இருந்தால் படத்தில் கோடு தடிமனாக விழும். குறைவாக இருந்தால் மெலிந்து விழும். சரி, எல்லா வரிசையிலும் ஒரே அளவு சாறைத்தான் ஊற்றினோம் என்பதற்கு என்ன அத்தாட்சி? அதற்குத்தான் இன்னொரு நொதி. எல்லா செல்லிலும் சத்தம் போடாமல் சர்க்கரையை உடைத்துக்கொண்டு, என்றைக்கும் ஒரே அளவில் இருப்பதாக எல்லோரும் நம்புகிற நொதி. அதன் கோடு சமமாக இருந்தால் சாறும் சமம். ஆய்வுக்கூடம் அதற்கு வைத்த செல்லப்பெயர்தான் எடைக்கல். இப்போது கவிழ்ந்தது அதன் ஆன்டிபாடி.

“மாடியில கேட்டுப் பாக்கறேன்” என்றாள் தும்மலக்கா. குற்ற உணர்ச்சியில் படியேறி ஓடியவள் வேறொரு குப்பியோடு மூச்சுவாங்கத் திரும்பி வந்தாள். “எடைக்கல் இல்லையாம். இது இருக்காம். செல்லுக்கு எலும்புக்கூடு மாதிரி இருக்கிற புரதத்துக்கு உள்ளது. அவங்க இதை வெச்சுத்தான் சமம் பாக்கறாங்களாம். பத்திரிகையில ஒத்துக்குவாங்கள்ல?”

“தாராளமா ஒத்துக்குவாங்க. எனக்கு வேண்டியது ஒரு படம்தான்.”

எலும்புக்கூட்டுப் புரதத்தின் கோடு சமமாக வரும்படி சாறுகளை அளந்து ஊற்றினாள். படம் வந்தது. எலும்புக்கூட்டுப் புரதம் நாலு வரிசையிலும் சமம். அவளுடைய நொதியும் நாலு வரிசையிலும் சமம். அச்சடித்தாற்போல. எந்த இடத்திலும் குறையவில்லை.

“மாத்தி ஊத்திட்டியா?” என்றாள் தும்மலக்கா.

“நானா?”

“கேட்டது தப்புதான். நீ காபிகூட அளந்துதான் ஊத்துவே.”

மறுபடி செய்தாள். அதே படம். எல்லாப் புரதத்துக்கும் சாயமேற்றும் முறையிலும் செய்து பார்த்தாள். அதிலும் அவள் நொதி ஒரு இம்மி குறையவில்லை. கவிழ்ந்த குப்பியின் அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை வழித்தெடுத்து, அதே சமமான சாறுகளில் எடைக்கல்லையே அளந்தாள்.

திரையில் கோடுகள் எழுந்தன. முதல் கட்டத்தில் மெலிதாக. இரண்டாவதில் சற்றுத் தடித்து. மூன்றாவதில் இன்னும். நாலாவதில் கறுத்துப் பருத்த ஒரு கோடு.

யாரும் திரும்பிப் பார்க்காத அந்த நொதிதான் நோயோடு சேர்ந்து கொழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல, சந்தோஷம். கன்னம் சூடாகி, “பாருங்களேன்!” என்று திரும்பினாள். பின்னால் யாருமில்லை. தும்மலக்கா பிள்ளைகளை அழைத்துவரப் போயிருந்தாள். இயந்திரத்தின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

அறைக்குப் போகும் லிஃப்டில் “கதவுகள் மூடுகின்றன” என்றது பதிவுக்குரல். பல நாட்களில் வேலை முடிந்த பிறகு அவளிடம் பேசுகிற ஒரே குரல் அதுதான். அறையில் ஒரு தட்டு, ஒரு கட்டில், ஒரு நாற்காலி. வந்த புதிதில் டம்ளர் மட்டும் இரண்டு வாங்கினாள், அவன் வந்தால் இருக்கட்டுமென்று. ஒன்றில் இப்போது பல் பிரஷ் நிற்கிறது. அன்றைக்கு அவன் போன் செய்தபோது கடை, கரண்ட் பில், சாப்பாடு என்று பேசினார்கள். கோடுகளைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை இயக்குநர் அறை. யார் என்ன சொல்ல வந்தாலும் “சுருக்கமா சொல்லு” என்பவர்.

“சுருக்கமா சொல்லும்மா.”

“நம்ம என்சைம் குறையல சார். எடைக்கல்தான் கூடியிருக்கு.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “கொஞ்சம் நீளமாவே சொல்லு.”

“தராசுல வெச்ச கல்லு ரகசியமா குண்டாயிட்டே போகுதுன்னு வெச்சுக்கங்க. அதே உருளைக்கிழங்கு மூட்டையை நிறுத்தா, கிழங்கு இளைச்ச மாதிரித்தானே தெரியும்? கல்லோட கோடு சமமா வரணும்னு நாலாம் கட்டச் சாறை நானே குறைச்சுக் குறைச்சு ஊத்தியிருக்கேன். நம்ம என்சைம் நோயால இளைக்கல சார். என்னால இளைச்சிருக்கு.”

“எல்லாரும் அந்தக் கல்லை வெச்சுத்தானே அளக்கறாங்க?”

“அதனாலதான் யாரும் கல்லை நிறுத்துப் பாக்கல.”

இயக்குநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “இதோ பாரு. பழைய படம் கத்தை கத்தையா இருக்கு. அதுல நல்லதா ஒண்ணை அனுப்பு. அதுவும் நீ நிஜமா எடுத்த படம்தானே, திருடினதா என்ன? நீ ஊருக்குப் போய்ச் சேரு. கல்லோட கதையை அடுத்து வர்ற ஆள் எழுதட்டும்.”

ஊருக்குப் போய்ச் சேரு. அந்தச் சொல் அவளை உலுக்கியது. கடையின் கண்ணாடிக் கதவும், அதைத் துடைத்துக்கொண்டு நிற்கிற கணவனின் முகமும் கண்ணெதிரே வந்தன. ஆமாம் என்று தலையசைத்தால் போதும்.

“எதிர் ஆஸ்பத்திரியில, ஆபரேஷனுக்கு அப்புறம் யாருக்கு மருந்து ஏத்தணும், யாருக்கு வேண்டாம்னு இந்த அளவை வெச்சுத்தான் முடிவு பண்ணப் போறாங்க சார். என் என்சைம் நிறைய இருந்தா மருந்து வேண்டாம்னு அனுப்பிடுவாங்க.”

அவர் மேஜை நாட்காட்டியைத் தன் பக்கம் இழுத்தார். “கல்லை வெச்சுப் புதுசா எழுதணும்னா?”

“ரெண்டு வருஷம் ஆகும்.”

“ஒப்பந்தத்தை நீட்டச் சொல்லி நான் எழுதறேன். ஆனா உன் வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணும்மா. அவசரமே இல்லை.”

அவள் கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். இருக்கைக்குப் போய், கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகப் பத்திரிகைக்கு மின்னஞ்சல் எழுதி அனுப்பினாள். கல்லூரிக்கும் ஒன்று. அதன் பிறகுதான் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படித் திருப்பத்துக்குப் போனாள். மதியச் சாப்பாட்டு நேரம். கீழே கேன்டீனில் தட்டுகள் மோதுகிற சத்தம் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது.

“சொல்லுங்க, ஊசி போடாத டாக்டரே” என்றான் கணவன். அப்புறம் போனை விலக்கி, “அந்த ஃப்ரேம் வேணாம் சார், உங்க மூக்குல நிக்காது, வழுக்கிட்டு வாயில வந்து உக்காரும்” என்றான். கடையில் யாரோ சிரித்தார்கள்.

“கூட்டமா? அப்புறம் பேசட்டுமா?”

“பரவாயில்ல, சொல்லு. பகல்ல பேசவே மாட்டியே. என்ன?”

சொன்னாள். தும்மலிலிருந்து தொடங்கி, கல், கிழங்கு, மின்னஞ்சல் வரை. அவன் “ம்” கொட்டிக்கொண்டே கேட்டான். எங்கேயும் குறுக்கே பேசவில்லை.

“அதனால... காலேஜ் வேலை இல்ல. இன்னும் ரெண்டு வருஷம் இங்கதான்.”

“சரி.”

“உங்ககிட்ட கேட்காமலேயே அனுப்பிட்டேன்.”

“சரிதான். ஆஸ்பத்திரி விஷயமாச்சே. தப்பா அளந்து ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பிட முடியுமா? நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன். சாப்பிட்டியா?”

கத்துவான் என்று நினைத்திருந்தாள். கத்தினால் சொல்ல வேண்டிய பதில்களைப் படியிறங்கும்போதே வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தாள்.

“என்னங்க, ஒரு வார்த்தை திட்டக்கூடவா தோணல? மூணாவது தடவையா ஏமாத்தறேன். உங்களுக்குக் கோவமே வரலையா?”

கடைக்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. வாடிக்கையாளர் போய்விட்டார் போலிருந்தது. அவன் குரல் இப்போது தணிந்து, பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்டது.

“கோவம் வரணும்னா, நீ வருவேன்னு நான் இன்னும் நம்பிட்டு இருந்திருக்கணுமே.”