தட்டை உலகத்தில் மேலே இல்லை

1.

[பிரபஞ்சம் எல்லையற்று விரிந்து… இப்படித் தொடங்கி, அடித்துவிட்டேன்.]

உண்மையில் இந்தக் கதை பிறந்தது இரும்புலியூர் வீட்டு மொட்டைமாடியில், துணி உலர்த்தும்போது. என் கணவர் எட்மண்ட் இயற்பியல் ஆசிரியர். கதைக் கிறுக்கு எனக்கு. நீளமும் அகலமும் மட்டுமே உள்ள ஓர் உலகம், அதிலிருந்து ஒருவன் ராக்கெட்டில் ஒரேயடியாகப் போய்விடுகிறான் என்றேன்.

"போக முடியாதே" என்றார், வாயில் துணிக் கிளிப்போடு.

2006இல் அவர் இறந்தார். "நான்" என்று எழுதினால் இதற்குமேல் வாக்கியம் நகரவில்லை. ஆகவே இனி நான் ஹில்டா.

2.

ஹில்டா அந்தக் கிளிப்பைப் பிடுங்கினாள். "வேகமா போனாக்கூடவா?"

"எவ்ளோ வேகமா போனாலும். நம்ம உலகத்துல தூரம் ரெண்டு மடங்கானா ஈர்ப்பு கால்வாசி ஆயிடும். தட்டை உலகத்துல பாதிதான் ஆகும். எவ்ளோ தள்ளிப் போனாலும் விடாது, திரும்ப இழுத்துடும், உங்கம்மா மாதிரி."

"எங்கம்மாவை ஏன் இழுக்கறீங்க?"

"நான் எங்க இழுத்தேன்? அவங்கதான் இழுக்கறாங்க."

(அவர் சிரித்தார் என்று முதலில் எழுதியிருந்தேன். சிரிக்கவில்லை. அடுத்த சட்டையை உதறினார்.)

3.

முதல் வருட நினைவு ஜெபத்துக்கு வருகிறவர்களுக்குச் சிறு புத்தகம் ஒன்று கொடுப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். அதில் இந்தக் கதையைப் போட வேண்டும் என்றாள் எட்மண்டின் தங்கை எப்சி. ராக்கெட்டில் போகிறவன் எப்போது எட்மண்ட் ஆனான் என்று ஹில்டாவுக்கே தெரியவில்லை. முடிவு மட்டும் பாக்கி, அச்சகத்தில் காத்திருந்தார்கள்.

"மேலே பரலோகத்துக்குப் போயிட்டார்னு முடிச்சிடுங்க அண்ணி. சபையே அழும்."

"தட்டை உலகத்துல மேலேன்னு ஒரு திசையே இல்லையே எப்சி."

"அப்ப திரும்பி வந்துட்டார்னு எழுதுங்க."

"பாஸ்டர் உடனே வேற ஒருத்தரோட இரண்டாம் வருகையைப் பத்திப் பேச ஆரம்பிச்சிடுவாரு."

எப்சி சிரித்தாள். பிறகு அழுததும் அவள்தான். "எங்க அண்ணனை எங்கயாவது ஒரு இடத்துல வைங்க அண்ணி."

4.

வைத்துப் பார்த்தாள். நீள, அகல, உயரத்தோடு நான்காவது திசையும் உள்ள உலகில், தூரம் இரட்டித்தால் ஈர்ப்பு எட்டில் ஒன்று. அங்கே எந்தக் கோளும் தன் சுற்றில் நிலைக்காது; லேசாகத் தட்டினாலே சூரியனில் விழும், அல்லது விலகியே போகும். அங்கே அவரை… வேண்டாம்.

மூன்று திசையுள்ள நம்முடைய உலகில், போதிய வேகம் இருந்தால் போனவர் போனவர்தான். அதை 2006இல் இங்கே தாம்பரத்தில் பார்த்தாகிவிட்டது. எழுத வேறு வேண்டுமா?

ஆக, தட்டை உலகம்தான். அதற்குள் திருட்டுத்தனமாக ஒரு வாசல் வைப்பதில்லை, தேவதூதனை இறக்குவதில்லை என்பதில் ஹில்டா உறுதியாக இருந்தாள். "போக முடியாதே" என்று அவர் திருத்தியது திருத்தியதுதான்.

5.

அச்சுக்கு நான் கொடுத்தது இவ்வளவே: எட்மண்ட் போய்க்கொண்டிருக்கிறார், கணத்துக்குக் கணம் கொஞ்சம் வேகம் குறைந்தபடி.

எங்கே நிற்பார், எப்போது இந்தப் பக்கம் திரும்புவார் என்று கேட்பீர்கள். எப்சியும் கேட்டாள். கிளம்பிய வேகம் தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம். அந்த வேகத்தை நான் எழுதவில்லை. நீங்களே ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் சரி.