மழையை அள்ளிப்போட்ட அப்பா

1

இந்தக் கதை எனக்கு டவுன் பஸ்ஸில் கிடைத்தது. முழுசாக அல்ல, ஒரு துண்டு. 2004-ஆம் வருடம், திண்டுக்கல் சாலையில் போகிற பஸ். எனக்கு முன்சீட்டில் சீருடையில் இரண்டு பெண்கள். ஒருத்தி சொன்னாள்: "எங்கப்பா செத்துட்டாருன்னு எழுதிக் குடுத்துட்டேன்டி. மிஸ் அழுதுட்டாங்க. இப்ப வீட்டுக்கு வாரேங்கிறாங்க."

மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "அப்ப உங்கப்பாவ எங்கடி ஒளிச்சு வைப்ப?"

பதில் வருவதற்குள் பரவை ஸ்டாப் வந்துவிட்டது. இருவரும் இறங்கிப் போய்விட்டார்கள். நான் இறங்கியிருக்கலாம். இறங்கிக் கேட்டிருந்தால் கதை கையில் கிடைத்திருக்கும். எழுதுகிற வேலை மிச்சம். எனக்கு வீடு சமயநல்லூரில், கையில் வேறு மாவு வாளி. அதனால் மீதியை நானே எழுத வேண்டியதாயிற்று.

2

முதலில் எழுதிப் பார்த்தவை:

"காலைப் பனியில் பரவைக் கண்மாய் ஒரு கண்ணாடியைப் போல…" (வேண்டாம். கண்மாயில் ஆரம்பித்தால் கதை கரையிலேயே உட்கார்ந்துகொள்ளும். நான் போகவேண்டியது மதுரைக் காளவாசலுக்கு.)

"ரோகிணிக்குப் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது." (அப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை.)

கடைசியில் நின்றது இதுதான்: ரோகிணிக்குத் தன் அப்பாவைப் பற்றி எழுத எதுவும் தெரியவில்லை.

ஒன்பதாம் வகுப்பு, தமிழ் மீடியம், மதுரை நகருக்குள் ஒரு பெண்கள் பள்ளி. ஆங்கில டீச்சர் பிருந்தா வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்: 'மை ஃபாதர்', இரண்டு பக்கம், சொந்தமாக எழுத வேண்டும். ரோகிணியின் அப்பா முத்திருளன் குத்தகை நிலத்தில் கத்தரியும் வெண்டையும் போடுகிறவர். இருட்டோடு எழுந்து காய் ஏற்றிக்கொண்டு பரவை மார்க்கெட்டுக்குப் போவார். அவள் பள்ளிக்கூடம் போனபிறகு வந்து படுப்பார். அவள் திரும்புவதற்குள் தண்ணீர் பாய்ச்சப் போயிருப்பார். ஒரே வீட்டில் இருந்தாலும் அவர் கழற்றிப்போட்ட சட்டையைத்தான் அவள் அதிகம் பார்த்திருக்கிறாள். 'மை ஃபாதர் ஈஸ் எ ஃபார்மர்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள். அதற்குமேல் ஓடவில்லை.

"இதுக்குப் போயி மண்டைய ஒடைக்கிறியா?" என்றாள் கூடப் படிக்கும் இந்துப்ரியா. "எங்க வீட்டுக்கிட்ட பிரௌசிங் சென்டர் இருக்கு, வா. நெட்டுல எல்லா அப்பாவும் ரெடியா இருக்காங்க."

3

காளவாசல் சிக்னலிலிருந்து உள்ளே போகும் தெருவில், மருந்துக்கடை மாடியில் இருந்தது அந்த சென்டர். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இந்துப்ரியா கீபோர்டில் தட்டித் தேடினாள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் எழுதிய அப்பாக்கள் வரிசையாக வந்து நின்றார்கள். தனக்கு ஒரு பேங்க் மேனேஜரை எடுத்துக்கொண்டாள். ரோகிணி, இருப்பதிலேயே நீளம் குறைந்த அப்பாவை எடுத்தாள்.

அப்படியே எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்கிற அளவுக்கு விவரம் இருந்தது. தெரிந்த சொற்களையெல்லாம் ஊருக்குத் தக்கபடி மாற்றினாள். ஏதோ ஓர் ஏரியின் பெயரை அடித்துவிட்டு 'பரவைக் கண்மாய்' என்று போட்டாள். குளிர்காலக் காலைகளில் வாசலில் கிடக்கும் பனியை அப்பா மண்வாரியால் அள்ளிப்போடுவார் என்று ஒரு வரி. பரவையில் பனிக்கட்டிக்கு எங்கே போவது? 'ஸ்நோ'வை அடித்துவிட்டு 'ரெயின்' என்றாக்கினாள். ஆக, அந்த அப்பா தினமும் காலையில் வாசலில் இருந்து மழையை அள்ளிப்போட்டார்.

கடைசி வரிதான் புரியவில்லை: 'லாஸ்ட் ஸ்பிரிங் மை ஃபாதர் பாஸ்ட் அவே.' "பாஸ்ட் அவேன்னா என்னடி?"

"பாஸுன்னா பாஸு. அவேன்னா தூரம். தூரமாப் போயி ஏதோ பரீட்ச எழுதிப் பாஸாயிருக்காரு போல. ஸ்பிரிங்னா வசந்த காலம். நமக்கு அது ஏது? போன வருசம்னு போட்டுரு."

ரோகிணி போட்டாள். அவள் கையெழுத்து அழகாக இருக்கும். கடந்த ஆண்டு என் அப்பா இறந்துபோனார் என்று ஆங்கிலத்தில் முத்துமுத்தாக எழுதி, கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டாள்.

4

பிருந்தா டீச்சர் மேல் எனக்கே சந்தேகம் உண்டு. ஆங்கிலம் படித்தவர் இதை எப்படி நம்பினார்?

முதல் பிரதியில் அவரைக் கொஞ்சம் அப்பாவியாக எழுதியிருந்தேன். கதை சிரிப்பாகப் போயிற்று, எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு யோசித்தேன். இந்துப்ரியாவின் பேங்க் மேனேஜரை அவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்து, 'யார் அப்பா இது?' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டார். ரோகிணியின் கட்டுரையில் அவரை நிறுத்தியது அந்த மழைதான். காப்பியடித்த எழுத்தில் தப்பு இருக்கும். இப்படி ஒரு தப்பு இருக்காது என்று நினைத்தார்.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சேர்க்கலாமா என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். கதைக்கு வசதியாக இருக்கிறதே என்ற கூச்சம்.* பிருந்தாவின் அப்பா துளசிராம் அதற்கு முந்தைய வருடம் இறந்திருந்தார்.

(* வசதிக்காகச் சாகிற அப்பாக்கள் கதைகளில் ஏராளம். இந்தக் கதையில் ஏற்கெனவே ஒருவரைக் கொன்றாயிற்று. இன்னொருவரா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி.)

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரோகிணியை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். அறையில் வேறு யாரும் இல்லை. திட்டு விழப்போகிறது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உக்காரு. சாப்பிட்டியா?"

"சாப்ட்டேன் மிஸ்."

"இத நீயேதான எழுதின?"

அவள் தலையாட்டினாள்.

"அப்பா இல்லைன்னு ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

ரோகிணிக்கு முதலில் விளங்கவில்லை. டீச்சரின் விரல் கடைசி வரியில் நின்றது. அப்போதுதான், அந்த இரண்டு சொல்லுக்கும் என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரிந்தது.

"மிஸ், அது வந்து…"

"மழைய அள்ளிப்போடுவார்னு எழுதிருக்க பாரு. எங்கப்பாவும் அப்படித்தான். ஆகாத காரியத்தத்தான் மெனக்கெட்டுச் செய்வாரு." டீச்சர் சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "போன வருசந்தான் போனாரு. வீட்ல யார் முன்னாடியும் நான் அழுததில்ல. அம்மா பயந்துருவாங்கன்னு. உன் முன்னாடி அழுறேன் பாரு."

அதற்குமேல் எந்தப் பிள்ளையால் உண்மையைச் சொல்ல முடியும்? எனக்குத் தெரியவில்லை. என்னால் முடிந்திருக்காது.

5

அடுத்து வந்த நாட்களில் ரோகிணி இரண்டு விதமாக அவதிப்பட்டாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அன்பாக இருந்தார். தன் டிபன் பாக்ஸிலிருந்து புளியோதரை கொடுத்தார், வகுப்பில் "ரோகிணிம்மா" என்றார். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் அவதி.

வீட்டில் அப்பா தும்மினால் இவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தான் எழுதியது பலித்துவிடுமோ என்று பயந்தாள். அதிகாலையில் அவர் சைக்கிளை எடுக்கும் சத்தம் கேட்டதும் எழுந்து வந்து, "பாத்துப் போப்பா, லாரி வரும்" என்றாள்.

முத்திருளன் மனைவியிடம் கேட்டார்: "என்னடி ரெங்கம்மா, பிள்ள ஒரு மாதிரி பாக்குது? எனக்கு எதும் சீக்குன்னு சொன்னியா?"

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் சொன்னார்: "நாளைக்கு உங்க வீட்டுக்கு வாரேன். தெரிஞ்சும் துக்கம் கேக்காம இருக்கக்கூடாது. அம்மாவ ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றேன்."

"வேணாம் மிஸ், எங்க ஊரு ரொம்ப தூரம்."

"பரவை என்ன சீமையிலயா இருக்கு?"

6

இங்கே மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழியில், அப்பா தோட்டத்துக்குப் போய்விடுகிறார். டீச்சர் வருகிறார், ரெங்கம்மாளிடம் ஆறுதல் சொல்கிறார், ரெங்கம்மாள் ஒன்றும் புரியாமல்… (இதை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நன்றாகச் சிரிப்பு வந்தது. ஆனால் இதுமாதிரி நாடகம் நிறையப் பார்த்தாயிற்று.) இரண்டாவது வழியில், உண்மை தெரிந்த டீச்சர் ரோகிணியின் கன்னத்தில்… (இதையும் விட்டுவிட்டேன்.)

நடந்தது இதுதான் என்று முடிவுசெய்திருக்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு பிருந்தா வந்தார். ரோகிணி பஸ் ஸ்டாப்பில் காத்திருந்து, வழியிலேயே சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தாள். டீச்சர் தம்பியின் டி.வி.எஸ். வண்டியில் வேறு பாதையில் வந்து, விசாரித்துக்கொண்டு நேராக வீட்டு வாசலில் இறங்கிவிட்டார். கதவைத் திறந்தது முத்திருளன்.

"ரோகிணி வீடு…"

"இதுதாந்தாயி. வாங்க, வாங்க. டீச்சரா? நாந்தான் அவுங்கப்பன்."

யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு ரோகிணி மூச்சிரைக்க ஓடிவந்தபோது, டீச்சர் பிளாஸ்டிக் நாற்காலியில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அம்மா டம்ளரில் கலர் சோடா ஊற்றிக்கொண்டிருந்தாள். டீச்சர் இவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள். அவர் கூச்சப்பட்டுப் பார்த்தார், யாரோ தெரியாத ஆளிடம் சொந்த விஷயத்தைச் சொல்லிவிட்டதுபோல.

"நல்லாப் படிக்கிறா. அதச் சொல்லத்தான் வந்தேன்," என்றார் முத்திருளனிடம். அதற்குள் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன தாயி? என்ன ஆச்சு?"

ரோகிணியால் அதற்குமேல் முடியவில்லை. "அப்பா, நீ செத்துட்டதா நான் எழுதிக் குடுத்துட்டேன்," என்றாள்.

ரெங்கம்மாள் டம்ளரைப் பட்டென்று வைத்தாள். "அடி பாதகத்தி! எந்த நேரத்துல எந்த வாயி…"

"இருடி," என்றார் முத்திருளன். ரோகிணி பிரௌசிங் சென்டரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர் டீச்சரிடம் திரும்பினார். "அந்தத் தாளு இருக்கா?"

இருந்தது. ரோகிணியின் அம்மாவுக்குப் படித்துக்காட்டலாம் என்று எடுத்துவந்திருந்தார். பிருந்தா அதைத் தமிழில் வரிவரியாகச் சொன்னார். தூண்டில் போடக் கற்றுக்கொடுத்த அப்பா, சைக்கிளைப் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடிவந்த அப்பா. பனி மழையான இடத்தில் நின்று சிரித்தார். ரோகிணியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். முத்திருளன் சிரிக்கவில்லை.

"நல்ல மனுசனா இருந்திருக்காரே," என்றார். "என்ன வயசாம்?"

"அது போடலைங்க."

"எழுதுனது பொம்பளப் பிள்ளையா, ஆம்பளப் பிள்ளையா?"

"அதும் தெரியலைங்க."

"எந்த ஊர்ப் பிள்ளையோ. அப்பன் செத்த துக்கத்துல ஒக்காந்து எழுதிருக்கு. அதப் போயி எடுத்திருக்கியே தாயி," என்றார் மகளிடம். திட்டுகிற குரலாக இல்லை. தெரியாத ஒருவருக்காக அந்த வீட்டில் துக்கம் கேட்டாயிற்று.

போகும்போது டீச்சர் வாசலில் நின்று, "திங்கக்கிழம வேற எழுதிட்டு வா," என்றார். ரோகிணிம்மா என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளை அவர் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

7

ஞாயிற்றுக்கிழமை முத்திருளன் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. மகள் எதிரில் வந்து பேனாவோடு உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒனக்கு என்னப்பா பிடிக்கும்?"

"எனக்கா?" அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேர்க்கவில்லை. "எனக்கென்ன பிடிக்கும்… ஏ ரெங்கம்மா, எனக்கு என்னடி பிடிக்கும்?"

"ம்க்கும். நல்லாக் கேட்டீக போங்க," என்று பின்கட்டிலிருந்து சத்தம் வந்தது. தொடர்ந்து சிரிப்பும் வந்தது. "சொல்லுங்க, நானும் கேட்டுக்கிறேன்."

அவர் யோசித்தார். ரோகிணி அவசரப்படுத்தவில்லை. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மகள் முகத்தைப் பார்க்காமல், சொல்ல ஆரம்பித்தார். அரைமணி நேரம் சொன்னார். நடுவில் ரெங்கம்மாளும் ஈரக்கையோடு வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். ரோகிணி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, மூன்றாவது பக்கத்தைத் திருப்பினாள்.

அவர் என்ன சொன்னார் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த வருடம் எந்தப் பிள்ளையாவது அதை அப்படியே பார்த்து எழுதிக் கொடுத்துவிடும்.