மேல்தட்டின் இரண்டு திருகாணிகள்

பயிற்சி ஓட்டத்தின் மூன்றாவது வளைவிலும் அந்தச் சின்னப் பந்தயக் கார் வெளியே சறுக்கிப் போனது. புஷ்பவள்ளி ரிமோட்டின் விசையைத் தளர்த்தினாள். சுங்கைப் பட்டாணியில் கடைவரிசைக்குப் பின்னாலிருந்த கார் நிறுத்துமிடத்தில் ரப்பர் குழாய்களை வளைத்துப் போட்ட பந்தயப் பாதை அது. பக்கத்தில் கணவன் காளிதாசன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போன பந்தயத்தைப் பற்றி இருவரும் பேசுவதேயில்லை. எடை குறைய வேண்டுமென்று, காரின் அடிச்சட்டமான சேஸியின் கார்பன் தட்டில் அவன் துளை துளையாகப் போட்டிருந்தான். கார் பறந்தது. ஓரக்கல்லில் மோதி இரண்டாக முறிந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். குருண் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் அவன் தட்டை அறுக்க, இவள் குறை சொல்ல, மாறி மாறி வாயடித்த மாலைகள் அன்றோடு நின்றன. பிள்ளைகள் பினாங்குக்குப் போன பிறகு அந்த வீட்டில் பேச்சென்று இருந்ததே அதுதான். இப்போது தடித்த அடித்தட்டும் அதன்மேல் இறுக்கிய இன்னொரு தட்டுமாக, அம்மிக்கல் மாதிரி ஒன்றைச் செய்து நீட்டியிருக்கிறான். உடையாது. ஆனால் மேடுபள்ளமான தாரில் பிடிப்பில்லாமல் குதிக்கிறது.

சொன்னால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுவானோ என்று பயமாக இருந்தது. இருந்தும் சொன்னாள்.

"ஏங்க, கோவிச்சுக்காதீங்க. ரொம்ப கெராஸா, கட்டையா இருக்கு லா. கொஞ்சங்கூட வளைஞ்சு குடுக்கல. கனம் வேற."

காளிதாசன் நீளமாக மூச்சுவிட்டான். "அப்பாடா! எனக்கும் தெரியும் புஷ்பா. ஒடையாம இருந்தா போதும்னு நெனைக்கிறியோன்னு சும்மா இருந்தேன்."

"நான் எப்ப சொன்னேன்?"

"அன்னைக்கு நீ ஒண்ணுமே பேசல."

"நீங்க பேசல, நானும் பேசல."

அவன் சிரித்தேவிட்டான். மேல்தட்டின் நடுத் திருகாணிகள் இரண்டைக் கழற்றினான். பலத்துக்கென்று பக்கவாட்டில் வைத்த இரும்புப் பட்டைகளையும் எடுத்தான். தட்டை இரு கைகளாலும் முறுக்கிப் பார்த்தான். கொஞ்சம் வளைந்து கொடுத்தது.

"மோதுனா என்னாகும்னு தெரியல."

"மோதட்டும்."

பயிற்சி முடிந்து தொடங்கிய பந்தயத்தில் கார் வளைவுகளில் ஒட்டிக்கொண்டு ஓடியது. கடைசிச் சுற்றில் பின்னால் வந்த நீலக் கார் இடித்ததில் ஓரக்கல்லில் மோதி உருண்டது. யாரோ ஓடிப்போய் நிமிர்த்தி வைத்தார்கள். விசையை அழுத்தினாள். ஓடியது! ஐந்தாவதாக வந்தார்கள்.

காளிதாசன் காரைக் கவிழ்த்து அடித்தட்டை விரலால் தடவினான். நீளமாக ஒரு கீறல், விரிசல் இல்லை.

"அடுத்தத இன்னும் மெல்லிசா வெட்டலாமா?"

"வெட்டுங்க. ஓட்டை மட்டும் வேணாம்."

நாசி லெமாக் சோறு சுற்றிவந்த பழுப்புத் தாளைத் திருப்பிப் போட்டு அவன் அடுத்த தட்டை வரையத் தொடங்கினான். ஜெராய் மலைப்பக்கமிருந்து மழை வந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் அவசரமாகப் பெட்டிகளை மூடினார்கள். முதல் துளி தாளில் விழுந்தது. அவள் தாளுக்கு மேலே உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்தாள். அதன் நிழலுக்குள் பென்சில் நகர்ந்துகொண்டிருந்தது.