கையுறைத் தாள்

காலை நாலே முக்காலுக்கு விமானத்துக்குள் ஏறினால் முதலில் மூக்கில் அடிப்பது நேற்றைய மனிதர்களின் வாசனை. காலுறை, ஆறிய காப்பி, எந்தக் குழந்தையோ எடுத்த வாந்தி. எங்களுக்காக ஹீற்றர் போடமாட்டார்கள். கிழக்கு லண்டனில், பழைய துறைமுகத் தண்ணீரை ஒட்டிக் கிடக்கும் இந்தச் சின்ன விமான நிலையத்தில் இரவில் எதுவும் பறக்கக் கூடாது. அதனால் விமானங்கள் உறங்கும். அவற்றை எழுப்புவதற்கு முன் நாங்கள் எழும்ப வேண்டும்.

தொண்ணூறு இருக்கைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பை. அந்தப் பைக்குள் கை விட வேண்டும். பை குறுகலானது, கண்ணால் பார்க்க முடியாது, கைதான் பார்க்கும். மூக்குத் துடைத்த தாள், கடித்த ஆப்பிள், பல் குத்திய குச்சி. முன்பு ஆறு பேர் முப்பது நிமிடத்தில் செய்த வேலை இது. இப்போது நாலு பேர், இருபது நிமிடம்.

அன்று பதினான்காம் வரிசையில் நின்ற பிரியந்தி "அக்கா" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவளுடைய நீலக் கையுறைக்குள் நடுவிரல் சிவந்துகொண்டிருந்தது. மற்றக் கையில் ஓர் ஊசி. அதன் குழாய்க்குள் யாருடையதோ காய்ந்த இரத்தம்.

ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போட்டார்கள். ஆறு மாதத்துக்கு இரத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். அன்றிலிருந்து அவள் வீட்டில் தன் துவாயைத் தனியாகத் தொங்கவிடுகிறாள். மூன்று வயது மகள் தாயின் கோப்பையில் வாய் வைத்தால் பறித்து எடுக்கிறாள். அப்படித் தொற்றாது என்று டொக்டர் சொல்லியும் அவள் கை கேட்பதில்லை.

அடுத்த நாளே கம்பனி அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. காரணம்: தடித்த கையுறை அணியாத அலட்சியம்.

அந்தக் கையுறை வருவது நின்று மூன்று மாதம். இறைச்சிக் கடையில் போடுவார்களே, அந்த மெல்லிய நீல ரப்பர்தான் எங்களுக்கு. ஆனால் கையுறை நின்ற அதே வாரம் ஒரு தாள் வந்தது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒன்று. 'தடித்த கையுறை பெற்றேன், அணிந்தேன்' என்று நாலு வரி, நாலு கையொப்பம். அடியில், 'எல்லாப் பைகளும் சோதிக்கப்பட்டன' என்று ஐந்தாவது. அந்தத் தாள் போகாமல் பயணிகளை ஏற்ற மாட்டார்கள்.

ஒவ்வொருவராக ஈரக் கையுறையைக் கழற்றி, பேனா தேடி, ஒப்பம் வைப்பதற்குள் இரண்டு நிமிடம் போய்விடும். எங்களிடம் அந்த இரண்டு நிமிடம் இல்லை. நான் ரீம் லீடர், குழுவுக்குப் பொறுப்பு. என் தோளில் ஒரு மஞ்சள் பட்டி இருந்தது. நாலு பேருக்கும் நானே போட்டுவிடுவேன். "அக்கா, எனக்கும் போட்டு விடுங்கோ" என்பாள் பிரியந்தி, தேத்தண்ணீர் ஊற்றச் சொல்வது போல. அதை நான் உதவி என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் நாக்கில் கசப்பு ஊறுகிறது.

விசாரணைக்குத் துணையாக ஒருவரை அழைத்து வரலாம் என்று கடிதம் சொன்னது. அவள் என்னை அழைத்தாள்.

மானேஜர் ஹரீஷ் மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். தமிழில்தான் பேசுவார். அதைத் தன் நல்ல குணமாக எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

"உக்காருங்க அக்கா. பிரியந்தி, கை எப்படி இருக்கு?"

"கைக்கு ஒண்டுமில்லை. இரத்தத்தைத்தான் பாக்கவேணுமாம்."

"வருத்தமாதான் இருக்கு. ஆனா பாருங்க, கையுறை குடுத்திருக்கோம். போட்டேன்னு நீங்களே ஒப்பம் வெச்சிருக்கீங்க. அப்புறம் போடலைன்னா அது யார் தப்பு?" தாளை அவள் பக்கம் தள்ளினார்.

நான் அந்தத் தாளைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எழுதிய அவள் பெயரின் முதல் எழுத்து கீழே வால் சுருண்டு கிடந்தது. என் அப்பா பழக்கிய எழுத்து அது. என்னுடைய கை.

பிரியந்தியும் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுடைய சம்பளத்தை நம்பித்தான் அவள் கணவனின் விசாக் கோப்பு குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கிடக்கிறது. இந்த வேலை போனால் அதுவும் போகும். ஒரு சொல் சொன்னால் அவள் தப்பலாம்.

"ஓம்," என்றாள். "என்ர கையெழுத்துத்தான்."

வெட்கம் என்றால் முகம் சூடாகும் என்பார்கள். எனக்கு உள்ளங்கை சூடாகியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். அந்தக் கணத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

"இல்லை," என்றேன். "அது என்ர கை. நாலு பேருக்கும் நான்தான் போடுறனான்."

ஹரீஷின் சிரிப்பு அப்படியே நின்றது. "தெரிஞ்சுதான் பேசுறீங்களா அக்கா? மத்தவங்க கையெழுத்தப் போட்டா அது மோசடி. ரெண்டு பேரையும் வேலைய விட்டு அனுப்ப வேண்டி வரும்."

"அனுப்புங்கோ. அதுக்கு முதல் அந்தத் தடிச்ச கையுறையை ஒருக்காக் காட்டுங்கோ தம்பி."

"ஓர்டர்ல இருக்கு."

"ஓர்டரில இருக்கிறதை எப்பிடிக் கையில போடுறது?"

"நம்ம ஆளுங்களே இப்படிப் பேசினா எப்படி? உங்களுக்காக நான் மேல எவ்வளவு பேசுறேன் தெரியுமா?"

"மேல பேசினது போதும். ஒருக்காக் கீழ வாங்கோ. பதினாலாம் வரிசையில கையை விட்டுப் பாருங்கோ."

அவர் விசாரணைக் கோப்பை மூடினார். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு முடிவு சொல்றேன். நீங்க இப்ப சொன்னது என் காதுல விழல. வீட்டுக்குப் போய் யோசிங்க."

வெளியே ரயில் மேடையில் பிரியந்தி என்மேல் பாய்ந்தாள். "ஏன் அக்கா சொன்னனீங்கள்? நான் ஒராள் போனால் போதாதே?"

"நீ ஏன் பொய் சொன்னனி?"

"எனக்காக எத்தினை நாள் போட்டனீங்கள். நான் ஒரு நாள் சொல்லக் கூடாதே?"

எனக்குக் கோபத்தில் கண் இருண்டது. அவள்மேல் அல்ல. அந்தத் தாளை எழுதியவன் இதை எதிர்பார்த்துத்தான் எழுதியிருக்கிறான். நேரத்தைக் குறைத்தால் ஒருத்திக்காக ஒருத்தி ஒப்பம் போடுவாள். பிடிபட்டால் ஒருத்தியை ஒருத்தி காட்டிக்கொடுக்க மாட்டாள். எங்கள் அன்பைத்தான் அவர்கள் தங்களுக்குக் காப்புறுதியாக எடுத்து வைத்திருந்தார்கள்.

அன்று மதியம் பிளேஸ்டோவிலுள்ள என் வீட்டிலிருந்து ஜீவரத்தினம் அண்ணைக்குப் போன் எடுத்தேன். லண்டனுக்கு வரும் முன் ஒன்பது வருடம் அவரோடு வேலை செய்தேன்; அவர் இன்னும் அங்கேதான். அது ஐரோப்பாவில் ஓர் எல்லையோரத்துச் சிறு விமான நிலையம். நகரம் ஒரு நாட்டில், ஓடுபாதை அடுத்த நாட்டில். வெளியே வர இரண்டு வாசல்கள். எந்த வாசலால் வருகிறாய் என்பதைப் பொறுத்து நீ நிற்கும் நாடு மாறும். பிரியந்திக்கு ஊசி குத்திய விமானம் தினமும் காலையில் அங்கேதான் போகிறது. போன வருடம் அங்கேயும் எங்கள் கம்பனிதான் துப்புரவு ஒப்பந்தத்தை எடுத்திருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் அவர் தாள் ஒன்றைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அண்ணை?"

"உந்தப் பேப்பர் இஞ்சையும் வந்திட்டுது, பிள்ளை," என்றார். "இவங்கள் அஞ்சு பேருக்கும் நான்தான் ஒப்பம் கீறி விடுறனான். நல்லது செய்யிறன் எண்டெல்லோ நினைச்சன்."

பிறகு கேட்டார்: "உங்கட முதல் விமானம் நாளைக்கு எத்தினை மணிக்குக் கிளம்புது?"

மறுநாள் நாலே முக்கால், அதே விமானம். பிரியந்திக்குப் பதில் ஆள் அனுப்பவில்லை. மூன்று பேர்தான். ஏணியடியில் வைத்துக் குமுதாவுக்கும், ஆங்கிலத்தில் சல்மாவுக்கும் நடந்ததைச் சொன்னேன். குமுதா தஞ்சாவூர்க்காரி, சல்மா வங்கதேசத்துச் சில்ஹெட்டிலிருந்து வந்தவள்.

"என் பேரையும் நீங்கதானே போட்டீங்க?" குமுதா வெடித்தாள். "நாளைக்கு எனக்கு ஊசி குத்தினா நானும் அலட்சியக்காரியா?"

"ஓம். நான்தான் போட்டனான்."

"போடச் சொன்னது யாரு? நான்தான். அதுக்கும் சேர்த்துதான் எரியுது." மூக்கை உறிஞ்சினாள். "சரி, இப்ப என்ன செய்யப் போறோம்? அழுதுட்டு உள்ள போய்க் கையை விடப் போறோமா?"

சல்மா அதிகம் பேச மாட்டாள். கையை நீட்டிப் பேனாவைக் கேட்டாள்.

தரையைக் கூட்டினோம். கழிவறையைக் கழுவினோம். தட்டுகளைத் துடைத்தோம். ஒரு பைக்குள்ளும் கை விடவில்லை. கடைசியில் தாளை உணவு வண்டியின் மேல் விரித்து, தன் வரியில் தானே எழுதினோம். சல்மா வங்காள மொழியில் எழுதினாள். குமுதா எழுத்துக் கூட்டிக்கூட்டித் தமிழில் எழுதினாள்: 'தடித்த கையுறை தரவில்லை.' நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். நாலாவது வரியில் பிரியந்தியின் பெயரை மட்டும் தெளிவாக எழுதி, ஒப்பத்துக்கு வெறுமை விட்டேன். அடியில்: 'பைகள் சோதிக்கப்படவில்லை.'

தாளை அனுப்பிய இருபது நிமிடத்தில் ஹரீஷ் அதைக் கையில் பிடித்தபடி, விமானத் தரிப்பிடத்துக் குளிரில் மூச்சிரைக்க வந்தார். வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

"என்ன அக்கா இது? இது யாருக்குப் புரியும்?"

"உங்களுக்குத் தமிழ் தெரியும்தானே தம்பி. வாசியுங்கோ."

"சல்மா எழுதினது புரியலைன்னா அவகிட்டயே கேளுங்க," என்றாள் குமுதா. "பக்கத்துலதான் நிக்கிறா."

"எனக்கு இப்ப ஒரு ஒப்பம் வேணும். பைலட் கேக்குறாரு."

"நீங்களே போடுங்கோ," என்றேன். "முதல்ல தொண்ணூறு பைக்குள்ளயும் கையை விட்டுட்டுப் போடுங்கோ."

அவர் விமானத்தின் திறந்த கதவைப் பார்த்தார். அவருடைய இரண்டு கைகளும் தாமாகவே கோட்டுப் பைகளுக்குள் போய் ஒளிந்துகொண்டன. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. நாங்கள் மூவரும் கவனித்தோம்.

"மூணு பேரையும் தூக்க என்னால முடியும், தெரியும்ல?"

"தெரியும்," என்றேன். "இண்டைக்கு மற்ற விமானத்தை ஆர் கூட்டுறது எண்டும் யோசியுங்கோ."

பக்கத்து விமானத்தின் ஏணியில் அடுத்த ரீமின் பெண்கள் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி கையில் தாளை வைத்திருந்தாள். பேனா அவள் காதிலேயே இருந்தது.

ஹரீஷ் போனைக் காதில் வைத்தபடி நடந்தார். பயணிகள் பலகையில் எங்கள் விமானத்துக்கு நேரே 'தாமதம்' என்று விழுந்திருக்கும். நாங்கள் எதையும் வெல்லவில்லை. பத்து மணிக்கு எங்கள் எல்லோரையும் அனுப்பிவிடலாம்.

என் போன் அதிர்ந்தது. ஜீவரத்தினம் அண்ணை படம் அனுப்பியிருந்தார். அதே தாள், வேறு மொழி. கையொப்பத்துக்கான ஐந்து கட்டங்களும் வெறுமையாகக் கிடந்தன. கீழே ஒரு வரி: 'உங்கட விமானம் இஞ்ச வந்தாலும் ஒராளும் பைக்குள்ள கை விடாயினம்.'

அடுத்தது பிரியந்தியின் அழைப்பு. "அக்கா, பத்து மணிக்கு நான் தனியவோ வரவேணும்?"

நான் வாய் திறப்பதற்குள் குமுதா போனைப் பிடுங்கினாள். "தனியா என்னடி தனியா? நாங்க இங்க ஏணிப்படியிலயேதான் உக்காந்திருக்கோம். உன் கோடு காலியா இருக்கு. வந்து உன் கையால எழுது."

சல்மா நகர்ந்து படியில் நாலாவது ஆளுக்கு இடம் விட்டாள்.