பலகைச் சுவரும் கரண்டு கிட்டாரும்

கோலா சிலாங்கூருக்கு மோட்டார் சைக்கிள்ல போன இருசப்பன் திரும்பி வரும்போது பஸ்ஸுல வந்தான். ரோட்டு முனையில எறங்கி, பத்தாங்கட்டை ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டு வரிசை வரைக்கும் ரெண்டு மைல் நடை. தோள்ல கறுப்புப் பையில கிட்டாரு, கையில அரிசி மூட்டை கனத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பொட்டி. சட்டை முதுகோட ஒட்டிப்போச்சு. மூஞ்சி மட்டும் கல்யாண மாப்புள மூஞ்சி மாதிரி இருந்துச்சு.

அவன் அம்மா இராஜம்மா வாசல்ல அரிசி பொடச்சிக்கிட்டு இருந்தா.

"மோட்டாரு எங்கடா?"

"மாத்திட்டேம்மா."

"எதுக்கு மாத்துன?"

பையத் தெறந்து காட்டுனான். செவப்புக் கிட்டாரு, வெயில் பட்டதும் கண்ணக் கூசுச்சு.

இராஜம்மா மொறத்தக் கீழ வச்சா. "விடிகாலையில பெரட்டுல பேர் கூப்புடுவாங்களே, இதுமேல ஏறி உக்காந்தா அங்க கொண்டுபோயி விடுமா?"

இருசப்பனுக்கு இருபத்தேழு வயசு, பால்மரம் வெட்டுற வேலை. அவன் வெட்டுற காடு லயத்துலேருந்து மூணு மைல். இனிமே தெனமும் நடைதான். அது தெரிஞ்சுதான் மாத்துனான்.

ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழம ஆச்சுன்னா கோலா சிலாங்கூர்ல தங்கராஜு வீட்டுக்குப் போயிருவான். தங்கராஜு, காளியண்ணன் இசைக்குழுவுல கிட்டாரு வாசிக்கிறவன். இவன் அங்க உக்காந்து, கம்பிங்கள ஒண்ணாச் சேத்து அமுக்குற கார்டு அஞ்சாறும், நாலு பாட்டுக்கு முன்னால வர்ற மியூசிக்கும் கத்துக்கிட்டான். எண்பத்து நாலாம் வருஷம் ரவாங் பேக்டரில தங்கராஜுக்கு வேலை கெடச்சுச்சு. போய் வர மோட்டார் வேணும், பாட்டுக் கச்சேரிக்கு நேரமில்ல.

"ஒரு மாசம் டைம் தரேன் லா" ன்னான் தங்கராஜு. "குழுவுல என் எடம் காலியாத்தான் இருக்கு. காளியண்ணன் ஒன்னயச் சேத்துக்கிட்டாருன்னா கிட்டாரு ஒனக்கு, மோட்டாரு எனக்கு. சேத்துக்கலன்னா அவனவன் சாமான அவனவன் எடுத்துக்குவோம். இந்தக் கிட்டாரு எவன் வீட்டு மூலையிலயும் சாஞ்சி கெடக்கக் கூடாது, ஆமா."

இருசப்பன் பாக்க வேண்டியதையெல்லாம் பாத்துத்தான் வாங்குனான். கிட்டாரு கழுத்த ஒரு கண்ண மூடிக்கிட்டு நீளவாக்குல பாத்தான், வளைஞ்சிருக்கான்னு. தல மேல கம்பிய முறுக்குற திருகு ஆறையும் ஆட்டிப் பாத்தான். கம்பி பலகையவிட்டு ரொம்ப ஒசந்து நிக்குதான்னு சுண்டுவெரல உள்ள விட்டுப் பாத்தான். ஒவ்வொரு கட்டத்துலயும் அமுக்கித் தட்டி, எங்கயாவது இரையுதான்னு காது வச்சிக் கேட்டான். தங்கராஜுவே சிரிச்சிட்டான். "பொண்ணு பாக்கப் போனாக்கூட இவ்வளவு பாக்க மாட்ட போல."

எல்லாத்தயும் பாத்தவன் பிளக்க மட்டும் பாக்கல.

டவுன்ல நாள் முழுக்கக் கரண்டு. தோட்டத்துல அப்படியில்ல. இஞ்சின் ஓடுனாத்தான் கரண்டு. விடிகாலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஆறரையிலேருந்து பத்து வரைக்கும். பொறந்ததுலேருந்து அப்படியே இருந்து பழகுனவனுக்கு, அது ஒரு கொறைன்னே தோணல. வேலை முடிஞ்சி மத்தியானம் ஒண்ணரைக்கு வீட்டுக்கு வந்து, பொட்டியச் சொருகி, கம்பியத் தட்டுனப்பத்தான் ஒறச்சிச்சு. டிங்குன்னு சத்தம், கொசு பறந்த மாதிரி. அவ்வளவுதான்.

சரி, ஆறரை ஆவட்டும்னு காத்துக்கிட்டு இருந்தான். அன்னைக்குன்னு பாத்து டிவியில தமிழ்ப் படம். இஞ்சின் ஓடுச்சு, பல்பு எரிஞ்சிச்சு, இருசப்பன் பொட்டியச் சொருகி ஒரு இழு இழுத்தான். தகரக் கூர அதிர்ந்துச்சு. அதே நேரம் லயத்துல இருந்த டிவி அத்தனையிலயும் கதாநாயகி மூஞ்சி கோடு கோடாக் கிழிஞ்சிச்சு.

"யார்றா அவன்! படத்த நாசம் பண்றவன்!"

அஞ்சு நிமிஷத்துல, வேல வாங்குற மண்டோர் வாசல்ல நின்னாரு. "ஆபீஸ் கிராணி என்ன சொல்லியிருக்காரு? பல்பு, ரேடியோ, டிவி. அதுக்கு மேல எதையும் சொருகுனா இஞ்சின் படுத்துரும். பொட்டிய எடுத்து உள்ள வையி."

மறுநாள் பெரட்டுலயே பேர் வச்சிட்டாங்க, "ஊமக் கிட்டாரு"ன்னு. ஆம்பள பொம்பள எல்லாரும் கூப்புட்டாங்க. நடந்து காட்டுக்குப் போறவனப் பாத்து சைக்கிள்ல போறவன் மணியடிச்சான். "என்னா ஊம, கிட்டாருக்குப் பெட்ரோல் ஊத்துனியா?"

மூணு நாள் கிட்டாரத் தொடல. நாலாவது நாள் மத்தியானம், ஆத்தாமையில அத எடுத்து பலகைச் சுவரோட சாத்தி வச்சான். தல சுவத்துல முட்டி நின்னுச்சு. கைய எடுக்கும்போது ஒரு வெரலு கம்பியில பட்டுச்சு. சுவரே பாடுச்சு.

இருசப்பன் மறுபடியும் தட்டுனான். கிட்டாரு தலயச் சுவத்தவிட்டு எடுத்தா கொசு. முட்ட வச்சா கல்யாண வீட்டு மைக்கு இல்லன்னாலும், ஒரு நல்ல மரக் கிட்டாரு. பெரிய பிஸ்கட் டின்னக் கவுத்துப் போட்டு உக்காந்தான். தலயச் சுவத்துல அழுத்திக்கிட்டு வாசிச்சான், வாசிச்சான், நேரம் போனதே தெரியல.

தடார்னு சுவத்துல ஒரு அடி விழுந்துச்சு. அந்தப் பக்கத்துலேருந்து.

"டேய் இருசு! மனுசி தூங்க வேணாமா?"

சந்திரிகா. அடுத்த வீடு. ரெண்டு பேரும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஒண்ணாப் படிச்சவங்க. அவ ரவாங்குல பேக்டரி வேலை, நைட் ஷிப்டு. காலையில வேன்ல வந்து எறங்கி, பகல்ல தூங்குவா. அவ தலமாடு சரியா இந்தப் பலகைக்கு அந்தப் பக்கம்.

"மன்னிச்சிரு சந்திரி. சத்தமே வராதுன்னு நெனச்சேன்."

"சத்தமா? என் மண்டைக்குள்ளயே உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்குடா."

இருசப்பனுக்குச் சந்தோஷம் தாங்கல. "நெசமாவா? அவ்வளவு நல்லாக் கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. தப்பும் நல்லாவே கேக்குது. மியூசிக்கு ரெண்டாவது தடவ திரும்பி வரும்போது ஏன் ஓடுற? நாய் தொரத்துதா?"

அப்படித்தான் ஆரம்பிச்சிச்சு. ரெண்டு பேரும் பேசி ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. மூணு மணி வரைக்கும் அவ தூங்கணும், அதுவரைக்கும் கிட்டாரு சுவத்துல முட்டக் கூடாது. மூணு அடிச்சா அவ எழுந்து கோப்பி கலக்கும்போது இவன் வாசிக்கலாம். அவ சும்மா இருக்கல. சுவத்துல கரண்டிக் காம்பால டொக் டொக்குன்னு தாளம் போட்டா. இவன் ஓடுனா அவ நிறுத்திருவா. தாளம் நின்னா, இவன் தப்புப் பண்ணிட்டான்னு அர்த்தம்.

"ஒனக்கு எப்படிடி இதெல்லாம் தெரியும்?"

"பெல்ட்டுல சாமான் வருது, நாலு நொடிக்கு ஒண்ணு. எட்டு மணி நேரம். ஓடுனாலும் தப்பு, நின்னாலும் தப்பு. எனக்குத் தெரியாம யாருக்குடா தெரியும்?"

ஒரு விஷயம் மட்டும் சரியா வரல. கார்டு புடிச்சா சுருதி ஒரு மாதிரி மேல ஏறிப்போயி நிக்கும். கம்பியத் திருகித் திருகிப் பாத்தான். தனியாத் தட்டுனா சரியா இருக்கு, வெரலு வச்சா கெட்டுப்போவுது. இடதுகை வெரலெல்லாம் பல வருஷம் மரத்துல காஞ்ச ஒட்டுப்பால் உரிச்சி உரிச்சிக் காய்ச்சுப்போன வெரலு. எல்லாருக்கும் கிட்டாரு பழகும்போது வெரலு வலிக்கும்னு தங்கராஜு சொல்லியிருந்தான். இவனுக்கு வலிக்கவே இல்ல. வலிக்காததுதான் வினை. எவ்வளவு அமுக்குறோம்னே தெரியல.

"கம்பியக் கொல்லுறடா நீ" ன்னா சந்திரிகா சுவத்துக்கு அந்தப் பக்கம். "கேக்கும்போதே பாவமா இருக்கு."

மறுநாள் காட்டுல, மரத்துல கத்திய வச்சப்போ இருசப்பனுக்குப் பிடிபட்டுச்சு. பட்டைய மட்டும் சீவணும், சீட்டுக் காயிதம் கனத்துக்கு. கொஞ்சம் ஆழமாப் போச்சுன்னா மரத்துக்குக் காயம், அப்புறம் அங்க பால் வராது, மண்டோர் வந்து கத்துவாரு. பத்து வருஷமா ஒரு மரத்தக்கூட இவன் காயம் பண்ணதில்ல. அப்ப இந்தக் கைக்கு மெதுவாத் தொடத் தெரியும். வலதுகைக்குத் தெரிஞ்சத இடதுகைக்குச் சொல்லிக் குடுத்தாப் போதும்.

அன்னைக்கு மூணு மணிக்கு, ஒவ்வொரு கம்பியையும் பட்டைய நெனச்சிக்கிட்டுத் தொட்டான். சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கு, வந்தவொடனே நிறுத்து. வெரலக் கட்டத்துக்கு நடுவுல வைக்காம, கட்டத்தோட வெளிம்புக் கம்பிகிட்டத் தள்ளி வச்சா இன்னும் கம்மியா அமுக்குனாப் போதும்னு தானாவே தெரிஞ்சிச்சு. கார்டு சுத்தமா விழுந்துச்சு.

அந்தப் பக்கம் தாளம் நிக்கல. கோப்பி ஆறிப்போற வரைக்கும் நிக்கல.

மாசம் முடியிற ஞாயித்துக்கிழம வந்துச்சு. வரப்போற மாரியம்மன் திருவிழாவுக்குத் தோட்டத்துல காளியண்ணன் கச்சேரி. மேடை போடுற எடத்தப் பாக்க அவரு மத்தியானம் மூணு மணிக்குக் கார்ல வந்தாரு. பின்னாலயே தங்கராஜு, இருசப்பனோட மோட்டார்ல. கிட்டாரா மோட்டாரான்னு இன்னைக்கு முடிவாயிரும். மோட்டாரப் பாத்ததும் இராஜம்மா ஓடிப்போயி அதோட சீட்டத் தடவுனா.

காளியண்ணன் தடிச்ச ஆளு, வெள்ளச் சட்டை, கண்ணாடி. "அஞ்சு மணிக்கு தஞ்சோங் காராங்ல கல்யாணக் கச்சேரி. நாலு மணிக்குக் கெளம்பணும். எங்க, வாசி பாப்போம். பொட்டிய எங்க சொருகுவ?"

"கரண்டு ஆறரைக்குத்தாண்ணே வரும்."

காளியண்ணன் கண்ணாடியக் கழட்டிட்டுச் சிரிச்சாரு. "கரண்டு இல்லாத எடத்துல கரண்டு கிட்டாரா? தம்பி, கெணறு இல்லாத ஊர்ல தண்ணி பம்பு வாங்குன ஆள நான் பாத்ததில்ல, இப்பப் பாத்துட்டேன் லா."

தங்கராஜு தரையப் பாத்தான். வாசல்ல கூடி நின்ன சனம் சிரிச்சிச்சு. எவனோ "ஊம!"ன்னு ஒரு கொரல் குடுத்தான். இருசப்பனுக்கும் காதுல விழுந்துச்சு. ஆனா அவன் வீட்டுக்குள்ள போகல. அடுத்த வீட்டக் கையக் காட்டுனான்.

"அண்ணே, நீங்க அங்க போயி உக்காருங்க."

"நீ வாசிக்கிறதுக்கு நான் எதுக்கு அடுத்த வீட்ல உக்காரணும்?"

சந்திரிகா வாசல்ல வந்து நின்னா. "வாங்கண்ணே, கோப்பி கலக்கியிருக்கேன். பாயில உக்காந்து காதச் சுவத்துல வையுங்க. வந்த பொழுதுக்குக் கோப்பியாவது மிச்சம்."

காளியண்ணன் போனாரு. இருசப்பன் உள்ள வந்து கதவச் சாத்திட்டு டின்னுல உக்காந்தான். கை வேத்துச்சு. கைலியில தொடச்சான். கிட்டாரு தலயச் சுவத்துல முட்ட வச்சான். மூஞ்சிக்கு முன்னால வெறும் பலக, அதுல ஒரு பழைய காலண்டரு. அந்தப் பக்கம் யாரு எப்படி மூஞ்சிய வச்சிருக்காங்கன்னு தெரியாது.

டொக், டொக், டொக், டொக். கரண்டிக் காம்பு. ஆரம்பிச்சான்.

முதல் மியூசிக்கு முடிஞ்சிச்சு. திரும்பி வர்ற எடம், நாய் தொரத்துற எடம், அதுலயும் ஓடல. கார்டுக்கு வந்தான். பட்டைய மட்டும், பட்டைய மட்டும். தாளம் வந்துக்கிட்டே இருந்துச்சு.

நடுவுல தாளம் நின்னுச்சு.

எங்க தப்புப் பண்ணேன்? கை மட்டும் நிக்கல, அது பாட்டுக்குப் போச்சு. ரெண்டு கார்டு தாண்டுனதும் மறுபடியும் தட்டுற சத்தம். இது கரண்டி இல்ல. தடிச்ச கை. மோதிரம் போட்ட கை. கொஞ்சம் வேகமா வந்துச்சு. இருசப்பன் வேகமாப் போனான். திடீர்னு மெதுவாச்சு. அவனும் மெதுவானான். மறுபடி ஏத்துனாரு, ஏறுனான். கடைசியில ரெண்டு பேரும் ஒரே எடத்துல நிறுத்துனாங்க.

அந்தப் பக்கம் அவரு எழுந்து வாசலுக்குப் போற சத்தம் கேட்டுச்சு. இருசப்பன் பலகையப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தான். காலண்டர்ல தேதிகூட கண்ணுக்குத் தெரியல.

அப்புறம் அவன் வீட்டு வாசல்ல ஒரு மோட்டார் கெளம்புற சத்தம் கேட்டுச்சு. அவனோட மோட்டாருதான். மூணு ஒத ஒதச்சாத்தான் புடிக்கும், நாலு தடவ இருமும். அந்த இருமல் லயத்தத் தாண்டி, மாட்டுக் கொட்டகையத் தாண்டி, ரோட்டுப் பக்கமாப் போயி தேய்ஞ்சி போச்சு.

தங்கராஜு மோட்டார எடுத்துக்கிட்டு, கிட்டார விட்டுட்டுப் போயிட்டான்.

இருசப்பன் கிட்டார நெஞ்சோட சேத்துப் புடிச்சிக்கிட்டான்.

கதவத் தள்ளிக்கிட்டு காளியண்ணன் உள்ள வந்தாரு. ஒரு காது மட்டும் செவந்துபோயிருந்துச்சு. கிட்டார வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "கம்பியெல்லாம் துருப் புடிச்சிக் கெடக்கு. மாத்து. மெல்லிசுக் கம்பியாக் கேட்டு வாங்கு, ஒன் கைக்கு அது போதும். வாசிச்சி முடிச்சா காஞ்ச துணியால ஒவ்வொரு கம்பியாத் தொடைக்கணும். பொட்டிய வச்சிப் பழகுனவன் தப்ப சத்தத்துல ஒளிச்சி வைப்பான். ஒனக்கு ஒளிக்க எடமே இல்லாமப் போச்சு. அது நல்லதுக்குத்தான்." கிட்டாரத் திருப்பிக் குடுத்தாரு. "புதன்கிழம அஞ்சு மணிக்கு கோலா சிலாங்கூர்ல ரிகர்சல். பஸ்ஸுல வந்துரு. மோட்டாருதான் இல்லையே."

அவரு போனதும் இராஜம்மா உள்ள எட்டிப் பாத்தா. "போச்சுடா என் மோட்டாரு" ன்னா. சொல்லிட்டு, பிஸ்கட் டின்னு மேல ஒரு பழைய துணிய மடிச்சி வச்சா, உக்கார மெத்துன்னு இருக்கட்டும்னு.

சுவத்துல ரெண்டு தட்டு விழுந்துச்சு.

"இருசு."

"என்ன சந்திரி?"

"நடுவுல கரண்டிய அவருதாண்டா புடுங்கிட்டாரு. நான் நிறுத்தல."

"தெரியாமப் போச்சே. உசுரே போயிருச்சு எனக்கு."

"போன உசுர புதன்கிழமக்குள்ள புடிச்சி வை. இன்னைக்கி ஓவர்டைம் கூப்புட்டிருக்கான், நான் கொஞ்ச நேரம் படுக்கப் போறேன்."

இருசப்பன் கிட்டாரு தலயச் சுவத்தவிட்டு ஒரு வெரக்கட அளவுக்கு நகத்தி வச்சிக்கிட்டான். கொசுச் சத்தத்துல, மொதல்லேருந்து ஆரம்பிச்சான்.